மாப்பிள்ளை தூக்கக் கூடாத பெட்டி

நான் மெல்போர்னுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மகளிடம் சண்டை போடப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கங்காரு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

என் மகள் பாண்டிச்செல்விக்கும் மயூரனுக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம். இவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, அவர் எலக்ட்ரீஷியன். நல்ல வீடு வாங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு வேனில் ஏறி, ஒரு வருஷம் ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றப் போகிறார்களாம். போனில் சொன்னாள்.

"வீட்டை வாங்கிப் போட்டுட்டு வண்டியில குடித்தனமா? சர்க்கஸ் கம்பெனியாடி நடத்தப் போற?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு அசையாமல், "நீ நேர்ல போ. உன் வாய்க்கு முன்னால யாரும் நிக்க மாட்டாங்க" என்றார். நியாயம்தான். அருப்புக்கோட்டையில் ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருஷம் பில் போட்டவள் நான். மண்ணெண்ணெய் வரிசையை ஒரே சத்தத்தில் நேராக்குவேன்.

போய் இறங்கி ஒரு வாரம் கத்தினேன். அந்த ஒரு வாரமும் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி தின்றாள், என்ன கேட்டாலும் "ம்" என்றாள். எட்டாம் நாள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அதே மாதிரி வண்டி ஒண்ணு எடுத்திருக்கோம். நாலு நாள் எங்ககூட வா. பார்த்துட்டு அப்பவும் வேண்டாம்னு நீ சொன்னா, நாங்க போகலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் மெதுவாக அடுத்ததைச் சொன்னாள். "அத்தையும் வர்றாங்க. அவங்களும் வேண்டாம்னுதான் சொல்றாங்க."

அத்தை என்றால் மயூரனின் அம்மா புஷ்பராணி. யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தேழு வருஷமாக மெல்போர்னில் இருக்கிறார், முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை "சுகமா இருக்கிறீங்களோ" என்பதோடு சரி. காரணம் நான்தான். மதுரையில் கல்யாணப் பந்தியில், அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்களே என்று, "சாப்பிட்டவங்க எந்திரிங்க, எந்திரிங்க" என்று கடைக்குரலில் கத்திவிட்டேன். எழுந்தது மாப்பிள்ளை வீட்டார். புஷ்பராணி பாதிப் பாயாசத்தில் எழுந்து போனார். மூன்று வருஷமாகியும் அந்தப் பாயாசம் இறங்கவில்லை.

முதல் நாள் காலையில் வண்டி வந்து வீட்டு முன்னால் நின்றது. எங்கள் ஊர் மினி பஸ் அளவு. உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒரு எட்டு வைத்தால் அடுப்படி, இன்னொரு எட்டு வைத்தால் படுக்கை, நடுவில் அலமாரி மாதிரி ஒரு கதவு. திறந்தால் கக்கூஸ். அடுப்புக்கு நேர் எதிரே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மயூரன் பொறுமையாக விளக்கினார். "மாமி, இதுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு. வெளியால இழுத்து எடுக்கலாம், சில்லு இருக்கு, உருட்டிக்கொண்டு போய்க் கொட்டலாம். மருந்து போட்டிருக்கு. நோ வொரீஸ்."

"யாரு கொட்டுறது?"

"நான்தான் மாமி."

எனக்கு முகம் போன போக்கை மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை சாப்பிட்ட இலையைக்கூட அவரை எடுக்க விடமாட்டோம். மாமியார் கழித்ததை மாப்பிள்ளை உருட்டிக்கொண்டு போய்க் கொட்டுவதா? தற்செயலாகச் சம்மந்தி பக்கம் பார்த்தேன். அவர் முகமும் அதே மாதிரி இருந்தது. மருமகளின் தாய் பார்க்க, தன் மகன் கக்கூஸ் பெட்டி தூக்குவதா என்று அவருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிப்பதை மட்டும் இருவரும் அன்றைக்கே நிறுத்தினோம்.

போகும் வழியில் கேரம் டவுன்ஸ் கோயிலில் வண்டிக்கு அர்ச்சனை செய்தே ஆகவேண்டும் என்றார் சம்மந்தி. வாடகை வண்டிக்கு என்ன நட்சத்திரம் சொல்வது? மகன் நட்சத்திரத்தையே சொன்னார். மூன்று கார் நிற்கிற இடத்தில் எங்கள் வண்டி குறுக்கே கிடந்தது. பின்னால் வந்த ஒரு பெரியவர் ஹாரன் அடித்தார். நான் இறங்கி அவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போயிருப்போம். வெயில் ஜன்னல் வழியாக நேராக உள்ளே அடித்தது. மயூரனும் செல்வியும் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் எதிர் எதிர் இருக்கையில், ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. திடீரென்று புஷ்பராணி நெளிந்தார்.

"சம்மந்தி, எனக்குக் கீழ என்னவோ நடக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு நாளைக்கு வேண்டும் என்று முந்தின நாள் சாயந்திரம் ஒரு குண்டான் நிறைய இட்லி மாவு அரைத்திருந்தேன். அதை அவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியிலிருந்த அறையில் வைத்தது நானேதான். வண்டிக் குலுக்கலும் வெயிலும் சேர்ந்து மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, இருக்கை இடுக்கு வழியாக அவர் சேலை ஓரம்வரை வந்துவிட்டது.

ஓய்வு நிறுத்தத்தில் வண்டியை ஓரம்கட்டினார்கள். நான் தரையில் மண்டிபோட்டு வழித்தேன். அவர் வாளியைப் பிடித்தார். "நான் வெடிச்சுச் சிதறப் போறன் எண்டு நினைச்சன்" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உடனே இருவரும் நிறுத்திக்கொண்டோம். பாயாசம் ஞாபகம் வந்திருக்கும்.

பிரைட் என்று ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டியதும் மலை தொடங்கிவிட்டது. இலையுதிர் காலம் என்பதால் ஊருக்குள் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. காட்டுக்குள் யூகலிப்டஸ் மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நாங்கள் தங்கின இடத்தில் ஒரு ஓடை, புல்வெளி, மொத்தமே ஆறேழு வண்டிகள். கடை இல்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நம் ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் ஒலிபெருக்கி கட்டி, பஜ்ஜிக் கடை போட்டு, ஓடையில் பிளாஸ்டிக் தட்டை மிதக்கவிட்டிருப்போம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வயிறு எரிந்து சொல்கிறேன்.

இங்கே முகாமுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை, எங்கள் வண்டியிலிருந்து முந்நூறு அடி தள்ளி, மரங்களுக்கு நடுவில். மாலை வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினேன். பின்னால் செருப்புச் சத்தம். புஷ்பராணி.

"நானும் வாறன்."

"வாங்க."

முதலில் நான் போய் வந்தேன், அவர் காவல் நின்றார். பிறகு அவர் போனார், நான் நின்றேன். அப்போது புதரிலிருந்து ஒன்று ஆடி அசைந்து வந்து கதவுக்கு நேராக நின்றது. குட்டை கால், பெரிய தலை, பழுப்பு நிறம். உறுமியது.

"சம்மந்தி, வெளியில என்ன உறுமுது?"

"பன்னியா கரடிக்குட்டியான்னு தெரியல. வராதீங்க."

"வராம? இதுக்குள்ளயே இருக்கச் சொல்லுறீங்களோ?"

இருபத்தெட்டு வருஷத் தொண்டையைத் திறந்தேன். "ஏய்! வரிசையில நில்லு! நகரு அந்தப் பக்கம்!" அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல், எங்கள் கடையில் அதிகாரிக்குச் சொந்தக்காரர்கள் போகிற மாதிரி நடந்து போனது. வாம்பட் என்று பிறகு மகள் சொன்னாள், புல் தின்கிற பிராணியாம். வெளியே வந்த புஷ்பராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிவரை விடவில்லை. "உந்தக் குரல் அண்டைக்கு எனக்குக் கோபம். இண்டைக்கு நல்லம்" என்றார்.

"தப்புதான் சம்மந்தி. அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றேன். மூன்று வருஷமாகச் சொல்லாததைக் கழிப்பறை வாசலில் சொன்னேன். எனக்கு இடம் பார்த்துப் பேசத் தெரியாது.

மேல் கட்டில் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், பின்கட்டிலில் நாங்கள் இருவரும்தான் படுக்கவேண்டும். நடுவில் ஒரு தலையணை வைத்தோம். காலையில் அது தரையில் கிடந்தது.

இரண்டாம் நாள் குளிரில் பல் கிட்டியது. மிச்ச மாவில் இட்லி ஊற்றி, குக்கரில் பருப்பு வைத்தேன். இரண்டாவது விசில் காடு முழுக்க எதிரொலித்ததும் வெள்ளைக் கிளிகள் கூட்டமாக எழுந்து கத்தின. பக்கத்து வண்டியிலிருந்து அரைக்கால் சட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஓடி வந்தார். "உங்கள் வண்டியில் ஏதாவது வெடிக்கப் போகிறதா? எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள்" என்கிறார்.

மயூரன் விளக்கினார். பெரியவர் பெயர் கிரஹாம். தனியாகச் சுற்றுகிறாராம். உட்காரச் சொல்லி நாலு இட்லி வைத்தேன். கத்தி முள்கரண்டியால் கேக் மாதிரி வெட்டினார். "கையால சாப்பிடச் சொல்லுடி, பார்க்க முடியல" என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் சாம்பாரில் முழங்கை வரை நனைந்துபோய், "இவ்வளவு நாள் வீணாக்கிவிட்டேன்" என்றார். இட்லியையா வாழ்க்கையையா என்று நான் கேட்கவில்லை.

அன்று பகலில்தான் அதைக் கேட்டேன். ஓடையில் மயூரன் வழுக்கி விழுந்தார், செல்வி சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இப்படிச் சிரித்து என்னிடம் அடி வாங்குவாள். மெல்போர்ன் வீட்டில் ஒரு வாரம் இருந்தேனே, ஒரு தரம் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கு இதெல்லாம் இடைஞ்சல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இவள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அவர் பாத்திரம் கழுவுகிறார். அவர் அடுப்பைத் துடைத்தால் இவள் தரையைப் பெருக்குகிறாள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் நாற்பது வருஷத்தில் தான் குடித்த டம்ளரை எடுத்து வைத்ததில்லை.

மதியம் சம்மந்தி இடியப்பமும் மீன் போட்ட சொதியும் செய்தார். தேங்காய்ப்பால் குழம்பு என்று லேசாக நினைத்து ஒன்பது இடியப்பம் தின்றேன். இன்னும் இரண்டு தின்றிருப்பேன், வெட்கமாகிவிட்டது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கு என் வயிறு பிடித்தது. வெளியே ஓடை எது பாதை எது என்று தெரியவில்லை. முந்நூறு அடி என்ன, மூன்று அடி போக முடியாது. புஷ்பராணி என் முகத்தைப் பார்த்தார்.

"போங்கோ சம்மந்தி. நான் ரேடியோவைப் போடுறன்."

போனேன். ரேடியோ அலறியது. கக்கூஸ் கதவுக்கு வெளியே மாப்பிள்ளையும் மகளும் சீட்டாட்டத்தில் அவ்வளவு கவனமாக இருந்ததை யாரும் எங்கேயும் பார்த்திருக்க முடியாது. அடுத்த அரை மணி நேரத்தில் சம்மந்தியும் எழுந்தார். ரேடியோவை நான் போட்டேன்.

மூன்றாம் நாள் விடிகிற நேரம், கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி நிறைந்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"அவன் எழும்ப முதல் கொட்டிப்போடுவம்" என்றார் புஷ்பராணி, குரலை இறக்கி.

ஸ்வெட்டருக்கு மேல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். வெளிப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து இருவரும் இழுத்தோம். பெட்டி அரிசி மூட்டை கனம். மழை நின்று, மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. முகாம் வாசலுக்குப் பக்கத்தில்தான் கொட்டுகிற இடம். ஈரப் புல்லில் சக்கரம் உருளவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். வழியில் கங்காருக்கள் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், கங்காரு வந்துவிட்டது. எங்களுக்குப் பார்க்க நேரமில்லை.

தொட்டியில் பெட்டியின் வாயைச் சாய்த்தோம். "டபக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு குமுறல், பிறகு என் கையிலும் சேலையிலும் தெறித்தது. புஷ்பராணியின் செருப்பிலும். "ஐயோ! முருகா!" என்று இருவரும் பின்னால் குதித்தோம்.

"பொத்தானை அமுக்குங்கள்! பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது, காற்று போக!"

திரும்பினால் கிரஹாம். தன் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவருக்கும் பின்னால் இன்னொரு பெண்மணி, அவரும் பெட்டியோடு. எல்லோரும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டார்கள். மழை எவ்வளவு, ரோடு எப்படி என்று பேசினார்கள். எங்கள் கடை வரிசை மாதிரியே, கையில் மட்டும் அரிசிப் பைக்குப் பதிலாக இது. கிரஹாம் சிரிக்காமல் எங்கள் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து, பொத்தானை அமுக்கிக் காட்டினார். அமைதியாக ஊற்றியது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று புஷ்பராணி ஆங்கிலத்தில் கேட்டார். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்தாராம்.

தலைமை ஆசிரியர். தன் பெட்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கடைக்குச் சாக்கடை அள்ளும் வேலை பார்த்த காளியப்பன் என்று ஒருவர் வருவார். அவர் கார்டை நான் கையில் வாங்கியதே இல்லை. மேஜையில் வைக்கச் சொல்வேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் தப்பு என்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம். அன்று காலை என் கை முழங்கைவரை நாறியது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டேன். போய்விட்டது. இவ்வளவுதான் விஷயம், இதற்கா அந்த மனுஷனை இருபத்தெட்டு வருஷம் தள்ளி நிறுத்தினேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஊருக்குப் போனதும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. போவேன்.

காலிப் பெட்டியை ஆட்டிக்கொண்டு திரும்பி நடந்தோம். ஓடைக்கரையில் புஷ்பராணி நின்றார்.

"சம்மந்தி, ஒண்டு சொல்லட்டே? சண்டைக்குள்ள ஒரு பையோட வீடு வீடா ஓடின ஆக்கள் நாங்கள். இவன் கையில இருக்கிற வீட்டை விட்டிட்டுப் போறன் எண்டேக்க எனக்கு விசர் பிடிச்ச மாதிரிக் கோபம் வந்தது. ரெண்டு நாளா யோசிக்கிறன். நாங்கள் ஓடினது பயந்து. இதுகள் சிரிச்சுக்கொண்டு போகுதுகள். வீடும் அங்கயே இருக்கு, திரும்பி வரலாம். அது வேற, இது வேற."

வாயைத் திறந்தால் அழுகிற மாதிரி ஆகிவிடும், எனக்கு அது பிடிக்காது. அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கி நானே கொண்டுபோனேன்.

வண்டி வாசலில் மயூரன் கலைந்த தலையோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டார். "மாமி! அம்மா! நீங்க ஏன்? குடுங்கோ இங்க."

"தொடாதீங்க மாப்பிள்ளை."

"மாமி, இதுதான் என்ர வேலை. செல்வியும் நானும் முறை வச்சிருக்கிறம். இண்டைக்கு என்ர டர்ன்."

"அப்ப எங்களையும் முறையில சேருங்க" என்றேன். மகள் மேல் கட்டிலிலிருந்து தலையை நீட்டினாள். "அம்மா, உன் சேலையில என்ன அது?" என்று கேட்டவள், புரிந்ததும் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

அன்று முழுக்க இரண்டு கிழவிகளும் தண்ணீர் குடித்தோம், காப்பி குடித்தோம், கிரஹாம் கொடுத்த ஆப்பிள் சாற்றைக் குடித்தோம். நாலாம் நாள் காலை கிளம்பும் முன் பெட்டியைக் கொட்டும் முறை மாப்பிள்ளைக்கு வந்தது. அவர் உருட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பூமி பிளக்கவில்லை.

மலை இறங்கி பிரைட் ஊருக்குள் நுழைந்ததும் போனில் கோடுகள் வந்தன. முதல் அழைப்பு என் வீட்டுக்காரர். நாலு நாளாகக் காத்திருந்திருக்கிறார். முன் இருக்கையில் மகள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, சத்தியம் செய்தவள் அல்லவா.

"என்ன ஆச்சு? பேசிட்டியா? வேண்டாம்னு நிறுத்திட்டியா?" என்றார்.

"போகச் சொல்லிட்டேன்" என்றேன். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்திருக்கிறார். "ரோட்டைப் பாருங்க மாப்பிள்ளை!" என்று கத்திவிட்டுப் போனுக்குத் திரும்பினேன்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. அவங்க கிளம்பினதும் நாமளும் வந்து ஒரு மாசம் இவங்களோட போறோம். சம்மந்தியும் வர்றாங்க. விசாவுக்கு நாளைக்கே எழுதிப் போடுங்க."

"நானா? அந்த வண்டியிலயா? அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

புஷ்பராணி எதிர் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இருக்கு" என்றேன். "வாங்க, வந்ததும் காட்டித் தர்றேன். பின்னால ஒரு பொத்தான் இருக்கு, அதை மட்டும் மறக்காம அமுக்கணும்."